நெதர்லாந்து விடுதலை நாளில் பிள்ளைகளின் பாண்ட்: பெற்றோருக்கும் ஏற்பாட்டாளர்களுக்கும் முழுமையான வழிகாட்டி

கனடாவில் ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ப்டன் பக்கத்துப் பள்ளிக்கூட பாண்டுகளிலும், படை பாணியில் பிள்ளைகளைப் பழக்கும் கடேற் குழுக்களிலும் இப்போது நம் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர். ட்ரம்பெட், கிளாரினெட், சைட் ட்ரம், சில இடங்களில் பேக்பைப் கூட. ஒரு நாள் பிள்ளை ஒரு கடிதத்தோடு வீட்டுக்கு வரும்: பாண்ட் நெதர்லாந்துக்குப் போகிறது, இரண்டாம் உலகப்போர் வீரர்களுக்கு மரியாதை செலுத்தும் நிகழ்ச்சியில் வாசிக்க, உதவிக்குப் பெற்றோர் தேவை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அன்றே நீங்களும் ஏற்பாட்டுக் குழுவில் ஓர் ஆள். அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இதைக் கச்சேரிப் பயணமாக நினைத்துத் திட்டம் போட்டால் எல்லாம் பிசகும். முழுப் பயணத்திலும் பிள்ளைகள் உருப்படியாக வாசிக்கப் போவது சில மணி நேரம்தான். மிச்சமெல்லாம் நிற்பது, காத்திருப்பது, பேச்சுக் கேட்பது. நோட்டுகளை பாண்ட் மாஸ்டர் பார்த்துக்கொள்வார். நிற்பதற்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது உங்கள் வேலை.

முதலில் கதை

கனடாவில் இருந்து ஏன் நெதர்லாந்துக்கு என்று பிள்ளைக்குத் தெரியாவிட்டால் அங்கே போய் நிற்பதில் அர்த்தமில்லை. நெதர்லாந்தின் தென்பகுதி 1944 செப்டம்பரிலேயே விடுபடத் தொடங்கியது. அந்த ஆண்டு ஒக்டோபரில் இருந்து நவம்பர் தொடக்கம் வரை ஸ்கெல்ட் ஆற்று முகத்துவாரத்தைத் திறக்க நடந்த சண்டையில் மட்டும் கனடியர்கள் 6,300க்கு மேல் இறந்தும் காயமுற்றும் காணாமலும் போனார்கள். மேற்குப் பகுதி ஜெர்மன் பிடியிலேயே இருந்தது. அங்கே வந்ததுதான் 1944-45 பசிக் குளிர்காலம். சனம் துலிப் கிழங்கை அவித்துத் தின்றது, ஏறத்தாழ 20,000 பேர் செத்தார்கள். ஏப்ரல் கடைசியில் நேச நாட்டு விமானங்கள் குண்டுக்குப் பதிலாக உணவு மூட்டைகளைப் போட்டன. 1945 மே 5 அன்று வாகனிங்கன் ஊரில் டி வெரெல்ட் விடுதியில் கனடாத் தளபதி சார்ல்ஸ் ஃபௌல்க்ஸ், ஜெர்மன் தளபதி பிளாஸ்கோவிட்ஸை எதிரே இருத்திச் சரணடையும் ஏற்பாட்டைப் பேசி முடித்தார். அந்த மண்ணை மீட்கப் போய்த் திரும்பாத கனடியர் 7,600க்கு மேல்.

போர்க்காலத்தில் டச்சுப் பட்டத்து இளவரசி யூலியானா பிள்ளைகளோடு ஒட்டாவாவில் தஞ்சமிருந்தார். அவர் மகள் இளவரசி மார்கிரீட் 1943 ஜனவரியில் ஒட்டாவா ஆஸ்பத்திரியில்தான் பிறந்தார். குழந்தைக்கு டச்சுக் குடியுரிமை மட்டும் கிடைக்க வேண்டும் என்பதற்காக அந்தப் பிரசவ அறையைக் கனடா மண்ணே இல்லை என்று அறிவித்தார்கள். அகதிக் கோரிக்கை வைத்து இந்த நாட்டுக்கு வந்த நம்மவர்களுக்கு இந்தக் கதை தனி ருசி.

படி 1: நாளையும் ஊரையும் தீர்மானியுங்கள்

மே 4, மே 5 இரண்டையும் ஒரே விழாவாக எண்ணக் கூடாது. மே 4 இறந்தவர்களின் நாள். இரவு 8 மணிக்கு நாடு முழுக்க இரண்டு நிமிடம் மௌனம்; ரயில்கூட நிற்கும். மே 5 விடுதலை நாள்: ஊர்வலம், பாட்டு, தெருக்கூத்தாட்டம். முதல் நாள் செய்வது மறுநாள் பொருந்தாது, மறுநாள் செய்வதை முதல் நாள் செய்தால் அவமரியாதை. பாட்டுப் பட்டியல், உடுப்பு, சாப்பாட்டு நேரம் எல்லாம் இந்தப் பிரிவைப் பொறுத்தே அமைய வேண்டும்.

மே 4 மாலைக்குக் கனடிய பாண்டுகளுக்குப் பொருத்தமான இடங்கள் இரண்டு. நைமேகன் அருகே குரூஸ்பேக் போர்க் கல்லறை. 2,300க்கு மேற்பட்ட கனடியர் அங்கே. கிழக்கே ஹோல்டன், அங்கே 1,350 பேர் அளவில். குரூஸ்பேக்கில் கிடப்பவர்களில் பலர் எல்லைக்கு அந்தப் பக்கம் ரைன்லாந்துச் சண்டையில் இறந்தவர்கள். தன் வீரர்கள் ஜெர்மன் மண்ணில் புதைபடக் கூடாது என்று கனடாத் தளபதி ஹாரி கிரெரார் சொல்ல, உடல்களை எல்லை தாண்டிக் கொண்டுவந்தார்கள். மே 5க்கு வாகனிங்கன்.

பள்ளித் தவணை இடிக்கிறதா? மேயைப் பிடித்துத் தொங்க வேண்டாம். ஒவ்வோர் ஊருக்கும் தன் விடுதலைத் தேதி உண்டு: ஸ்வோலே ஏப்ரல் 14, அப்பல்டோர்ன் ஏப்ரல் 17, தெற்கே பெர்கன் ஒப் சோம் ஒக்டோபர் 27. சின்ன ஊரின் நாளில் உங்கள் பாண்ட்தான் முக்கிய விருந்தாளி. பெரிய விழாவில் வரிசையில் ஒன்று.

80, 85 என்று ஐந்தாண்டு நிறைவுகளுக்காகக் காத்திருக்கும் பழக்கத்தை நான் ஆதரிக்க மாட்டேன். அந்த ஆண்டுகளில் விடுதி கிடைக்காது, கல்லறையில் பாதுகாப்பு வளையம், அமைச்சர்கள், கமராக்கள். அதோடு, 1945இல் 18 வயதாயிருந்தவர் 1927இல் பிறந்தவர். கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண ஆண்டில் போங்கள், சீக்கிரம் போங்கள்.

படி 2: எழுத்தில் அழைப்பு வந்தபின் டிக்கெட்

18 மாதம் முன்னால் தொடங்குங்கள். அந்த ஊர் நகராட்சிக்கும் ஊரின் நினைவேந்தல் குழுவுக்கும் எழுதுங்கள். கல்லறைக்குள் வாசிப்பதானால் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்துக்கும் தெரியப்படுத்த வேண்டும், பராமரிப்பு அவர்களுடையது. கடிதத்தில் குழுவின் எண்ணிக்கை, வயது, வாத்தியங்கள், இரண்டு நிமிட ஒலிப்பதிவு ஒன்று. பாண்டின் சாதனைப் பட்டியலை யாரும் படிக்க மாட்டார்கள்.

ஊரின் ஹார்மோனி அல்லது ஃபன்ஃபாரே என்ற ஊதுவாத்தியக் குழுவோடு தொடர்பு ஏற்படுத்துவது அதைவிடப் பெரிய காரியம். டச்சு ஊர்களில் அநேகமாக எல்லாவற்றிலும் இப்படியொரு குழு இருக்கும். பலவற்றுக்கு நூறு வயது தாண்டியிருக்கும். பாஸ் ட்ரம், டிம்பனி, நோட்டு ஸ்டாண்ட் எல்லாம் அவர்களிடம் கடன் வாங்கலாம். மழை வந்தால் ஒத்திகைக்கு அவர்கள் மண்டபமே கதி. ஒரு பாட்டாவது சேர்ந்து வாசியுங்கள்.

பஸ் பதிவதில் ஒரு பொறி. ஐரோப்பியச் சட்டப்படி ஓட்டுநருக்கு நாளொன்றுக்கு 11 மணி நேர ஓய்வு தேவை, சில நாட்களில் 9 வரை குறைக்கலாம். மே 4 இரவு நிகழ்ச்சி முடிந்து பிள்ளைகளை விடுதியில் இறக்கும்போது 10 மணி ஆகிவிடும். மறுநாள் காலை 6 மணிக்கு வாகனிங்கனுக்குப் புறப்படுவோம் என்று அட்டவணை போட்டால் ஓட்டுநர் வர மாட்டார், வரவும் கூடாது. விடுதியை நைமேகன், ஆர்னம் பக்கம் பிடித்தால் இந்தச் சிக்கலே இல்லை. ஏப்ரல் 27 அரசர் நாளன்று 40 பிள்ளைகளோடு ஆம்ஸ்டர்டாமில் போய் இறங்கவும் வேண்டாம். துலிப் பருவம், பள்ளி விடுமுறை எல்லாம் அந்த வாரங்களில்தான் விழும்.

படி 3: கடவுச்சீட்டு, விசா

வெள்ளைக்கார ஏற்பாட்டாளர்கள் கவனிக்காமல் விடும் இடம் இது. குழுவில் நீங்கள் இருப்பதே இதற்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கனடாக் கடவுச்சீட்டு உள்ள பிள்ளைக்கு விசா வேண்டாம். ஈடியாஸ் என்ற இணைய முன்னனுமதி நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று மட்டும் போகிற ஆண்டில் பாருங்கள். நிரந்தர வதிவிடம் இருந்தும் இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டோடு இருக்கும் பிள்ளைக்கு ஷெங்கன் என்ற ஐரோப்பியப் பொது விசா கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். வழக்கமாக 15 நாளில் முடிவு வரும், 45 நாள் வரை இழுக்கவும் கூடும். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி வேண்டும். ஆசிரியரோடு போகும் கல்விப் பயணப் பிள்ளைகளுக்குக் கட்டண விலக்கு உண்டு. பள்ளியின் கடிதத்தை அதற்கேற்ப எழுதி வாங்குங்கள். கடவுச்சீட்டு, திரும்பும் தேதிக்குப் பின்னும் மூன்று மாதம் செல்ல வேண்டும்.

விசாவைப் பார்க்கிற அவசரத்தில் நிரந்தர வதிவிட அட்டையை மறந்துவிடுவார்கள். அது காலாவதியானால் பிள்ளை போய்விடும், திரும்பி வர விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அகதிப் பயண ஆவணத்தில் போகும் பிள்ளை இருந்தால் அந்தக் குடும்பத்தோடுதான் முதல் கூட்டம்.

பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேண்டும். பிரிந்து வாழும் பெற்றோர் விஷயத்தில் இதைக் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள்.

பெற்றோர் கூட்டத்தில் இன்னொன்றும் வரும். போரைக் கண்டு வந்த நம் வீடுகளில் சீருடை என்றாலே அடிவயிறு கலங்கும் அம்மாக்களும் அம்மம்மாக்களும் உண்டு. “பிள்ளையை ஏன் ஆமிக்காரன் மாதிரி நிற்க வைக்கிறீர்கள்?” என்று கேட்பார்கள். சிரித்து மழுப்ப வேண்டாம். கடேற் அமைப்பில் சேர்வதால் படையில் சேரும் கட்டாயம் எதுவும் இல்லை. அங்கே நடப்பது இறந்தவர்களுக்கு விளக்கேற்றுவது போன்ற காரியம். இதை அவர்களுக்கு உட்கார்ந்து சொல்லுங்கள், தமிழில் சொல்லுங்கள். முடிந்தால் அம்மம்மாவையே பேசவிடுங்கள். பிள்ளைக்கு அதைவிட நல்ல பாடம் வேறு எங்கே கிடைக்கும்?

படி 4: வாத்தியங்கள் எல்லை தாண்டும்போது

ஒவ்வொரு வாத்தியத்தின் பெயர், தொடர் எண், பெறுமதி அடங்கிய பட்டியல் தயார் செய்து, புறப்படும் முன் கனடா எல்லைச் சேவை முகமையில் காட்டிப் பதிந்துகொள்ளுங்கள். திரும்பும்போது அங்கே வாங்கியது அல்ல என்று காட்ட அதுதான் சாட்சி.

பழைய பேக்பைப்பில் தந்தப் பூண் இருக்கலாம். தந்தம் இருந்தால் அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லையில் பறிபோகும். தாத்தா காலத்து வாத்தியத்தை வீட்டில் வைத்துவிட்டு, பிளாஸ்டிக் பூண் உள்ளதைக் கொண்டுபோவதே புத்தி. கிளாரினெட், பைப் செய்யும் ஆபிரிக்கக் கருங்காலி மரத்துக்கு ஒரு காலத்தில் இதே தொல்லை இருந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். இருந்தாலும் திறந்தவெளியில் மரக் கிளாரினெட் வேண்டாம். சூடான பஸ்ஸில் இருந்து எடுத்துக் குளிர்காற்றில் ஊதினால் மரம் வெடிக்கும். பிளாஸ்டிக் கிளாரினெட்டை இரவல் வாங்குங்கள்.

டியூபாவை விமானத்தில் ஏற்றும் செலவைக் கேட்டால் மயக்கம் வரும். ஊர்க்குழுவிடம் இரவல் கேளுங்கள். ஊதுவாயை மட்டும் பிள்ளை கொண்டுபோகட்டும்.

படி 5: எதை வாசிப்பது

கனடிய மரபில் ஒழுங்கு ஏறத்தாழ இப்படி: இறந்தவர்களுக்காக ஒருவர் தனியாக ஊதும் லாஸ்ட் போஸ்ட், மௌனம், பேக்பைப் வாசிப்பவரின் புலம்பல் இசை, பிறகு ரௌஸ் என்ற எழுப்பும் ஒலி, இறந்தவர்களை மறவோம் என்ற உறுதிமொழி, மலர்வளையங்கள். டச்சு மரபில் மௌனத்துக்கு முன் டாப்டோ என்ற ட்ரம்பெட் அழைப்பு, மௌனம் முடிந்ததும் தேசிய கீதமான வில்ஹெல்முஸ். கல்லறையில் இரண்டும் கலந்து வரும். யார் எதை, எந்த வினாடியில் வாசிப்பது என்று விழாப் பொறுப்பாளரிடம் எழுதி வாங்குங்கள். மௌனம் சரியாக 8 மணிக்குத் தொடங்கும், யாருக்காகவும் காத்திருக்காது. உங்கள் பிள்ளைக்கு அந்த அழைப்பை வாசித்து முடிக்க எத்தனை வினாடி ஆகும் என்று அளந்து, அதற்கேற்பப் பின்னிருந்து எண்ணித் தொடங்க வேண்டும்.

வில்ஹெல்முஸ் வாசிப்பது கஷ்டம். மெதுவான பாட்டு, பார்த்தால் சுலபம் போலிருக்கும். ஆனால் தாளம் நடுவில் மாறும். நேராக நாலு நாலாக எண்ணிப் பழகிய பிள்ளைகள் இரண்டாம் வரியிலேயே தடுக்கி விழுவார்கள். கூட்டம் முழுக்கச் சேர்ந்து பாடும் பாட்டு அது; பாண்ட் பிழை விட்டால் ஊரே பாட்டை நிறுத்தி நிற்கும். மூன்று மாதம் முன்பே தொடங்கி, நோட்டை மூடிவிட்டுப் பாடவைத்துப் பழக்குங்கள். ஒரு சரணமா இரண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

லாஸ்ட் போஸ்ட் வாசிக்க இரண்டு பேரைத் தயார் செய்யுங்கள், ஒருவர் போதாது. மே மாதம் என்றாலும் அந்த மாலை 8 பாகைக்கு இறங்கலாம். ஒரு மணி நேரம் பேசாமல் நின்ற பதினாறு வயதுப் பிள்ளை, காய்ந்த உதட்டோடு, ஆயிரம் பேர் முன்னால், தனியாக முதல் சுரத்தை எடுக்க வேண்டும். ஊதுவாயைக் கழற்றி உடுப்புக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் முன்பு மாட்டி, ஓசையில்லாமல் வாத்தியத்துக்குள் சூடான மூச்சை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பித்தளை குளிர்ந்தால் சுருதி இறங்கிவிடும். பிள்ளையின் பக்கத்தில் பெரியவர் ஒருவர் சும்மா நிற்கட்டும், பேச வேண்டாம். முதல் சுரம் உடைந்தால்? நிறுத்தாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கல்லறையில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது பாதிப் பயிற்சி.

ஐரோப்பியக் குழுக்கள் பெரும்பாலும் 442 ஹேர்ட்ஸுக்குச் சுருதி சேர்ப்பார்கள், நம் பிள்ளைகளுக்குப் பழக்கம் 440. சேர்ந்து வாசிப்பதானால் போகும் முன்பே 442இல் பழகுங்கள். பேக்பைப் இதில் சேராது. அதன் சுருதி பித்தளை வாத்தியங்களின் பி ஃபிளாட்டைவிடச் சற்று மேலே நிற்கும். பைப்பும் பாண்டும் மாறிமாறி வாசிக்கட்டும்.

மே 5க்கு மார்ச்சுகள், நாற்பதுகளின் ஸ்விங். ஆக்கிரமிப்புக் காலத்தில் இந்த மாதிரி இசைக்கு ஜெர்மானியர் தடை போட்டிருந்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் வாசிப்பே மாறும். ஊர்வலத்தில் மூன்று பாட்டுப் போதும், மனப்பாடமாக. பத்துப் பாட்டு அரைகுறையாகத் தெரிந்து பயனில்லை.

படி 6: ஒரு பிள்ளைக்கு ஒரு பெயர்

செலவே இல்லாத படி இது. பயணத்துக்கு நான்கு மாதம் முன்பு, ஒவ்வொரு பிள்ளைக்கும் கல்லறையில் உள்ள ஒருவரைக் கொடுங்கள். போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் கல்லறை வாரியாகத் தேடலாம். கனடா நூலக ஆவணக் காப்பகத்தில் போரில் இறந்தவர்களின் சேவைக் கோப்புகள் இருக்கின்றன. பள்ளி எது, செய்த வேலை என்ன, அம்மாவின் முகவரி எது என்பதுவரை கிடைக்கும். பிள்ளை பஸ் ஏறும் தெருவிலேயே அவர் வீடு இருந்திருக்கலாம்.

வீரத்துக்கான மிக உயர்ந்த பதக்கமான விக்டோரியா சிலுவை பெற்ற ஓப்ரி கோசன்ஸ் குரூஸ்பேக்கில் கிடக்கிறார். ரொறன்ரோவின் குயின்ஸ் ஓன் ரைஃபிள்ஸ் படையணியின் சார்ஜன்ட். 1945 பெப்ரவரி 26 அன்று இறக்கும்போது வயது 23. எல்லாப் பிள்ளைகளும் அவரைத்தான் கேட்பார்கள். கொடுக்காதீர்கள், அவரைத் தேடி வர ஆள் இருக்கிறது. சமையற்காரர், லொறி ஓட்டியவர், வந்து இரண்டு வாரத்தில் இறந்த பத்தொன்பது வயதுக்காரர் என்று கொடுங்கள்.

அங்கே போனதும் பிள்ளை தன் கல்லறைக் கல்லைத் தானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். வரிசை எண்ணைக் கையில் கொடுத்து விடுங்கள், கூட்டிக்கொண்டு போகாதீர்கள். கல்லில் மேப்பிள் இலை, சேவை எண், பெயர், தேதி, வயது. பலவற்றின் அடியில் குடும்பத்தார் எழுதியனுப்பிய ஒரு வரி. அதை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஹோல்டனில் ஊர்ப் பிள்ளைகள் கிறிஸ்மஸுக்கு முந்தின மாலையில் ஒவ்வொரு கல்லறைக்கும் ஒரு மெழுகுவர்த்தி வைக்கிறார்கள். கார்த்திகையில் விளக்கேற்றிப் பழகிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

தமிழ்நாட்டில் இருந்து வந்த குடும்பங்கள் “நம் ஆட்கள் யாரும் இல்லையா?” என்று கேட்பது உண்டு. அதற்கு இத்தாலிக்குப் போக வேண்டும். அங்கே பிரிட்டிஷ் இந்தியப் படையின் 4, 8, 10ஆம் டிவிஷன்கள் போரிட்டன. காசினோ ஊரில் நடந்த சண்டையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படையினர் இருந்தார்கள். இத்தாலியின் விடுதலை நாள் ஏப்ரல் 25. அடுத்த பயணத்துக்கு யோசிக்கலாம்.

படி 7: நிற்கப் பழகுதல்

ஒத்திகையில் வாரம் ஒரு முறை 40 நிமிடம் அசையாமல் நிற்க வையுங்கள், வெளியில், குளிரில். முழங்காலை விறைப்பாகப் பூட்டினால் மயங்கி விழுவார்கள். லேசாகத் தளர்த்தி, காலணிக்குள் விரல்களை அசைத்துக்கொண்டிருக்கக் கற்றுக்கொடுங்கள். மே 4 மாலை நிகழ்ச்சிக்கு முன் 5 மணிக்கே வயிறாரச் சாப்பாடு. டச்சு மதியச் சாப்பாடு பாணும் சீஸும் பாலும்தான். இரண்டு நாளில் பிள்ளைகள் சோற்றுக்கு ஏங்குவார்கள். எந்த நகரத்திலும், முன்பு டச்சுக்காரர் ஆண்ட சுரினாம் நாட்டவரின் சாப்பாட்டுக் கடை இருக்கும். ரொட்டியோடு உருளைக்கிழங்குக் கறி, பயற்றங்காய், கோழி தருவார்கள். நம் வாய்க்கு அது போதும்.

அங்கே தெருக்கள் செங்கல் பதித்தவை, மேடுபள்ளம் உண்டு. ஜிம் தரையில் பழகிய அணிவகுப்பு அதில் குலையும். பார்வையைத் தாழ்த்தாமல் நடக்க வேண்டுமென்றால் கரடுமுரடான தரையில் பழகியே ஆகவேண்டும்.

படி 8: முன்னாள் வீரர்களின் அருகில்

மே 5 ஊர்வலத்தில் அவர்கள் பழைய ஜீப்புகளிலும் லொறிகளிலும் வருவார்கள். கீப் தெம் ரோலிங் என்ற டச்சுச் சங்கம் இந்த வண்டிகளைப் பராமரிக்கிறது. உங்கள் பாண்ட் வண்டிக்கு நேர் பின்னால் விழுந்தால் ஊதும் பிள்ளைகள் முழுக்கப் புகைதான் குடிப்பார்கள். கொஞ்சம் இடைவெளி கேட்டு வாங்குங்கள்.

இருக்கைகளுக்குப் பக்கத்தில் நின்று வாசிக்க நேர்ந்தால், பாஸ் ட்ரம்மையும் சைட் ட்ரம்மையும் தூரத்துக்குத் தள்ளுங்கள். காதுக் கருவி போட்டவருக்கு ஆறடி தூரத்தில் அடிக்கும் சைட் ட்ரம், தலைக்குள் அடிப்பது போலிருக்கும். கருவியைக் கழற்றிவிட்டால் பிறகு பிள்ளை பேசுவது எதுவும் கேட்காது. சுருக்கமாக வாசித்து, வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பேசட்டும்.

பேசுவதற்கும் பழக்க வேண்டும். சக்கர நாற்காலிக்கு முன்னால் முழங்காலிட்டு, முகம் தெரியும்படி, தன் பெயரையும் ஊரையும் சொல்லட்டும். “சேர்”, “மேடம்” போதும். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்ற கேள்வி கூடவே கூடாது. எந்த ஊரில் வளர்ந்தீர்கள், படையில் என்ன சாப்பிட்டீர்கள், அப்போது என்ன பாட்டுக் கேட்டீர்கள் என்று கேட்கலாம். தன் கையில் உள்ள பெயரை, எந்தப் படையணி என்று சொல்லிக் காட்டலாம். அவர் அழுதால் பிள்ளை ஓடி வர வேண்டாம், அப்படியே இருக்கட்டும். அலுத்துவிட்டால் கூட வந்தவர் சைகை காட்டுவார், உடனே எழுந்துவிட வேண்டும். கேட்காமல் செல்ஃபி எடுக்கக் கூடாது.

பல ஊர்களில் இப்போது வீரர்கள் வருவதில்லை. மகனோ பேத்தியோ பதக்கத்தை வலது பக்கம் குத்திக்கொண்டு வருகிறார்கள். பிள்ளைகள் ஏமாந்து போகாமல் இதை விமானம் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். ஆக்கிரமிப்பைச் சிறு வயதில் பார்த்த டச்சுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். பசிக் குளிர்காலத்தை நினைவு வைத்திருக்கும் பாட்டி ஒருவர் கூட்டத்தில் எங்கேனும் நிற்பார். ஊர்க்குழுவிடம் சொன்னால் அறிமுகப்படுத்துவார்கள்.

நேரம் இருந்தால் நைமேகனில் டி ஓவர்ஸ்டேக் பாலத்துக்குப் போங்கள். 1944 செப்டம்பர் 20 அன்று வால் ஆற்றைக் கடக்கும்போது இறந்த 48 அமெரிக்கருக்காக, 48 சோடி விளக்குகள் ஒவ்வொரு மாலையும் ஒன்றன்பின் ஒன்றாக எரியும். அந்த வேகத்திலேயே ஒரு முன்னாள் படைவீரர் பாலத்தில் நடப்பார். விரும்பியவர்கள் பின்னால் நடக்கலாம். மேளதாளம் இல்லாமல் போங்கள்.

படி 9: வந்த பிறகு

ஜூன் முடிந்தால் பள்ளி கலைந்துவிடும். அதற்குள் செய்ய வேண்டியவை. ஊர்க்குழுவுக்கு ஒலிப்பதிவும் நன்றிக் கடிதமும். குரூஸ்பேக்கில் கிடப்பவர்களின் படங்களையும் வாழ்க்கைக் கதைகளையும் ஃபேசஸ் டு கிரேவ்ஸ் என்ற தன்னார்வக் குழு சேர்க்கிறது; பிள்ளை தேடியதில் குடும்பத்தாரிடம் இருந்து ஒரு படமாவது கிடைத்திருந்தால், அவர்கள் சம்மதத்தோடு அனுப்பி வையுங்கள். பேசிப் பழகிய முதியவர்களுக்குக் கையால் எழுதிய கடிதம், பெரிய எழுத்தில், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும். மின்னஞ்சல் வேண்டாம், படத்தைத் தாளில் அச்சடித்து வையுங்கள்.